உத்தனப்பள்ளியில் நின்ற புள்ளி

மார்கழிக் குளிரில் அதிகாலை 2.35 மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். கையில் கைப்பேசி, திரையில் வரைபடம், அதில் தம்பியின் பெயர் ஒட்டிய நீலப் புள்ளி. "பன்னிரண்டு மணியிலிருந்து இது நகரவே இல்லை" என்றாள். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் பெங்களூரிலிருந்து நெடுந்தூர சைக்கிள் பந்தயம் ஒன்றில் கிளம்பியதிலிருந்து அம்மா அந்தப் புள்ளியோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கொள்ளேகால் தாண்டிவிட்டான், மாதேஸ்வரன் மலை ஏறிவிட்டான், மேட்டூரில் சாப்பிட நின்றிருக்கிறான், திருவண்ணாமலையில் நின்றான், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டிருப்பான் என்று அல்சூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவளும் அந்த ஊர்களையெல்லாம் கடந்துவந்தாள். இப்போது அது ஞாயிறு இரவு. 800 கி.மீ.க்கு மேல் ஓட்டிவிட்டான். வீடு வந்துசேர இன்னும் 90 கி.மீ. இருக்கும்போது, ராயக்கோட்டையைத் தாண்டி உத்தனப்பள்ளிக்கு அருகில் புள்ளி நின்றுவிட்டது.

நானும் சைக்கிள் ஓட்டுபவள்தான். 200, 300, 400, 600 கி.மீ. ப்ரெவேக்கள் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்கள்) நான்கையும் ஒரே ஆண்டில் முடித்திருக்கிறேன். ஆகையால் புள்ளி நிற்பதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். தூங்கிக்கொண்டிருக்கலாம். புள்ளியை அனுப்பும் இடங்காட்டிக் கருவியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். டயர் கிழிந்து தைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் முந்தைய இரண்டு இரவுகளிலும் அவன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எங்கும் நிற்கவில்லை. சார்ஜ் மிச்சப்படுத்தக் கைப்பேசியை அணைத்து வைத்திருந்தான். ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் வரும் சாலை சானமாவுக் காட்டை ஒட்டி வருகிறது. கேழ்வரகு அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் காடு அது. அம்மாவுக்கும் இது தெரியும். நாங்கள் இருவருமே அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பந்தயம் நடத்தியவர்கள் இரண்டு எண்கள் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, மற்றது அணைக்கப்பட்டிருந்தது. அவர்களைக் குறை சொல்லும் மனம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. நுழைவுக் கட்டணமோ பரிசோ இல்லாமல், இருபது பேரைச் சேர்த்து, வேலைக்குப் போய்வரும் நண்பர்கள் நடத்திய ஓட்டம் அது. இரண்டு இரவு கண்விழித்தவர்கள் மூன்றாம் இரவு தூங்கிவிட்டார்கள். கணவரை எழுப்பினேன். அவர் கார் சாவியை எடுப்பதற்குள் அம்மா ஒரு தூக்கில் தயிர்சாதமும் பிளாஸ்க்கில் காபியும் நிரப்பி வாசலில் நின்றாள். செருப்பை மாட்டும்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று உண்டு. நான் அங்கே போய் நின்றால், அவன் நன்றாக இருந்தாலும், அவனுடைய பந்தயம் முடிந்துவிடும்.

சானமாவு தாண்டி

சுயசார்புப் பந்தயங்களின் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேண்டியதைச் சுமந்து போ, இல்லாததை வழியில் கடையில் வாங்கிக்கொள். எவருக்கும் திறந்திருக்கும் கடை, விடுதி, பட்டறை எல்லாம் உனக்கும் உண்டு. உனக்கு மட்டும் என்று காத்திருக்கும் எதுவும் கூடாது. இன்னொருவர் சக்கரத்தின் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொள்ளாதே. சொந்தக்காரர்களும் நண்பர்களும் வழியில் வந்து பார்ப்பதும் கூடாது. கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லையில் உள்ள ஆன்டெலோப் வெல்ஸ் வரை சுமார் 4,400 கி.மீ. ஓடும் டூர் டிவைடும், 2013இல் மைக் ஹால் தொடங்கிய டிரான்ஸ்கான்டினென்டலும் ஊன்றி வளர்த்த மரபு இது. நம் ஊர்க் குழுக்கள் இவற்றைப் பார்த்துத்தான் தங்கள் விதிகளை எழுதிக்கொள்கின்றன. இங்கே நடுவர் கிடையாது. உன்னைத் தவிர உன்னைக் காட்டிக்கொடுக்க ஆளில்லை.

அம்மாவுக்கு இது கடைசிவரை புரியவில்லை. 2017இல் ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தைத் தனியாளாக முடித்த முதல் இந்தியர் ஆனபோது அந்தச் செய்தியைப் பார்த்தவள் அவள். "அவருக்குப் பின்னால் கார் போனதே, உணவு கொடுக்க ஆள் இருந்தார்களே, இவனுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவிதி?" என்று கேட்டாள். அது வேறு வகைப் பந்தயம் என்று விளக்கினேன். அங்கே உதவிக் குழு என்பது பந்தயத்தின் ஓர் அங்கம். கண் சொக்கினால் பின்னால் வரும் காரிலிருந்து ஒரு குரல் எழுப்பும். இங்கே கண் சொக்கினால், இறங்கிப் படுக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவனும் அதே சொக்கிய மூளைக்காரன்தான். அம்மா வைத்த கேள்வியில் இருந்த நியாயம் அன்று இரவு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓசூரைத் தாண்டி ராயக்கோட்டைச் சாலையில் திரும்பியபின் நானும் கணவரும் பேசவில்லை. பனி. யானைகள் கடக்கும் பகுதி என்ற பலகைகள் விளக்கொளியில் வந்து வந்து போயின. மைக் ஹாலை நினைத்துக்கொண்டே போனேன். 2017 மார்ச் 31 விடியும் முன்பு, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து சிட்னிக்குப் போகும் பந்தயத்தில் 5,000 கி.மீ.க்கு மேல் ஓட்டியபின், கான்பெரா அருகே கார் மோதி அவர் இறந்தார். இந்த மரபையே கட்டி எழுப்பியவர். அவருடைய புள்ளியும் வரைபடத்தில் அங்கேயே நின்றது. அதே ஆண்டு கோடையில், அவர் தொடங்கிய டிரான்ஸ்கான்டினென்டலின் முதல் இரவிலேயே இன்னொரு ஓட்டியும் விபத்தில் இறந்தார். இதையெல்லாம் அறிந்த ஒருத்தி, விதியை மதித்து வீட்டில் படுத்திருக்க முடியுமா? அன்று என்னால் முடியவில்லை.

4.20க்குப் போய்ச் சேர்ந்தோம். சாலையிலிருந்து சற்றே உள்ளே ஒரு மாரியம்மன் கோவில். அதன் முன்மண்டபத்தில், வெள்ளி நிற அவசரப் போர்வைக்குள் சுருண்டு தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். சைக்கிளின் முன்சக்கரத்தையும் தன் கணுக்காலையும் ஒரு நாடாவால் கட்டியிருந்தான். ஹெல்மெட்டின் மேல் ஒரு காலி பிஸ்கட் உறை. போர்வை மேலெழுந்து தாழ்வதைப் பார்த்தேன். இரண்டு முறை, மூன்று முறை, பத்து முறை எண்ணினேன்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். அந்தக் கணத்துக்குத்தான் நான் இந்த ஓராண்டும் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற ஒரே செய்திக்காக வந்தவள் நான். செய்தி கிடைத்துவிட்டது. விளக்கை அணைத்த காரில் ஏறி ஓசை இல்லாமல் போயிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் அறியாத வருகை விதியைக் கெடுக்குமா என்பது வேறு விவாதம். ஆனால் நான் போகவில்லை. மண்டபத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். இவ்வளவு குளிரில் அவனை விட்டுப் போக மனம் வரவில்லை என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் விழித்து என்னைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அவனை எழுப்பியது நான் இல்லை. மார்கழி அல்லவா, வாசல் தெளித்துக் கோலம் போட ஒரு வயதான அம்மா வாளியோடு வந்தார். எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகு படுத்திருந்தவனைப் பார்த்து, "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார். தம்பி என்றேன். "கூடப் பிறந்தவனை இப்படிப் பனியில் படுக்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அம்மா" என்றார். அந்தக் குரலில்தான் அவன் விழித்தான். என்னை நெடுநேரம் பார்த்தான். கனவு என்று நினைத்ததாகப் பிறகு சொன்னான். "நீ ஏன் வந்தாய், அக்கா?" என்று கேட்டான். கோபம் இல்லை. குழந்தை கேட்பது போல இருந்தது.

தூக்கை நீட்டினேன். தலையை மட்டும் அசைத்தான். காபியும் வேண்டாம் என்றான். கோலம் போட வந்த அம்மா வீட்டிலிருந்து சுக்குத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது மட்டும் சரி என்று வாங்கிக் குடித்தான். வழியில் தற்செயலாகக் கிடைக்கும் அன்பை இந்த மரபு பெரும்பாலும் ஏற்கிறது, முன்கூட்டி ஏற்பாடு செய்ததைத்தான் ஏற்பதில்லை. அந்த நேரத்தில், அந்தத் தூக்கத்தின் விளிம்பில், அவன் இரண்டையும் அவ்வளவு துல்லியமாகப் பிரித்தது என்னை அறைந்தது போல இருந்தது. முன்பின் தெரியாத அம்மாவின் சுக்குத் தண்ணீர் சரி, பெற்ற அம்மாவின் தயிர்சாதம் கூடாது. என் கணவரைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டு, நாடாவை அவிழ்த்து, ஏறிப் போய்விட்டான். பின்விளக்கின் சிவப்பு பனியில் கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி, ஆனேக்கல் வழியாக அந்த 90 கி.மீ.யை ஓட்டி காலை பத்து மணிக்கு முன்பே முடித்தான். மூன்றாவதாக வந்தான். வீட்டுக்கு வந்தவன் குளிக்கும் முன்பே நடத்துபவர்களுக்கு எழுதினான்: அக்காவும் மாமாவும் வழியில் வந்து பார்த்தார்கள், நான் அழைக்கவில்லை, உணவு எதுவும் வாங்கவில்லை, ஆனாலும் என் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டார்கள்.

எதற்காக அந்த விதி

நான் சண்டை போட்டேன். யாருக்கும் தெரியாதே என்று சொல்லும் அளவுக்கு நான் தாழவில்லை. ஆனால் "நீ ஒரு பருக்கைகூட வாங்கவில்லையே, பிறகு என்ன உதவி?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பன்னிரண்டு மணிக்குப் படுக்கும்போது, காலையில் எழுந்து கைவிட்டுவிடலாம், ஓசூர் போய் பஸ் ஏறிவிடலாம் என்று முடிவு செய்துதான் படுத்தேன். அலாரம்கூட வைக்கவில்லை. கண் திறந்ததும் உன் முகம். உடனே இன்னும் 90 கி.மீ. ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டது. எனக்குப் பின்னால் நான்காவதாக வந்தவரின் அக்கா புனேயில் இருக்கிறார்."

அதுவரை, இந்த வருகைத் தடையைப் பந்தயக்காரர்களின் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். உதவி என்றால் தண்ணீர், உணவு, டியூப் என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்று என்றே நினைத்தேன். 2019 டூர் டிவைடில் லேல் வில்காக்ஸைச் சுற்றி நடந்த பெரிய வாக்குவாதம் எனக்கு நினைவு வந்தது. 2016இல் அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையிலான டிரான்ஸ் ஆம் பந்தயத்தில் ஆண்களையும் முந்தி முதலில் வந்தவர் அவர். 2019இல் அவரைப் படமெடுத்த குழுவில் அவருடைய வாழ்க்கைத் துணையும் இருந்தார். படமெடுப்பது உதவி ஆகுமா, அன்புக்குரியவர் வழியில் கண்ணில் படுவதே ஒரு பலம் ஆகாதா என்று உலகெங்கும் ஓட்டிகள் பிரிந்து நின்று பேசினார்கள். அந்த நாளில் நான் லேல் பக்கம் கொதித்துப் பேசியவள். ஓட்டுவது அவர் கால்கள்தானே என்று வாதாடினேன். இன்றும், அந்தப் பேச்சில் ஒரு பெண்ணின் வேகத்தைச் சந்தேகிக்கும் அவசரம் கலந்திருந்தது என்றே நம்புகிறேன். ஆனால் அந்தக் கேள்வியே பொய் என்று இனி என்னால் சொல்ல முடியாது. என் முகம் தம்பிக்கு என்ன செய்தது என்று அவனே சொல்லிவிட்டான்.

சமம் என்ற சொல்லை இந்த விதிகள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன என்பதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. எல்லோருக்கும் திறந்திருப்பது உனக்கும் உண்டு என்கிறார்கள். கோவில் மண்டபம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு நான் அங்கே கணுக்காலில் நாடாவைக் கட்டிக்கொண்டு படுக்க முடியுமா? என் 600 கி.மீ. ப்ரெவேயில் ஆண்கள் எல்லாரும் தாபா வாசலில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபோது, கடைக்காரரின் மனைவி என்னைக் கைப்பிடித்துப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்த் தன் மகளின் பக்கத்தில் படுக்க வைத்தார். காசு கொடுத்ததற்கு வருத்தப்பட்டார். அந்தப் பாய் வேறு எவருக்கும் கிடைக்காத பாய். அதில் நான் படுத்திருக்காவிட்டால் ஓட்டிக்கொண்டே தூங்கியிருப்பேன். அதேபோல, கொள்ளேகாலில் கன்னடத்திலும் மேட்டூரில் தமிழிலும் பஞ்சர் கடைக்காரரை நள்ளிரவில் எழுப்பத் தெரிந்த அல்சூர்க்காரனுக்கு இருக்கும் வசதி, புனேயிலிருந்து வந்தவருக்கு இல்லை. தம்பி இதையும் மறுக்கவில்லை. "எல்லாவற்றையும் சமமாக்க முடியாது. என் கையில் இருப்பதை மட்டும் நான் கூட்டிக்கொள்ளாமல் இருக்கலாம்" என்றான்.

அப்படியானால் நான் போனது தவறா? இல்லை. இதில் மட்டும் நான் அசையவே மாட்டேன். அவன் அறிவித்தது சரி, நான் போனதும் சரி. புள்ளி நின்றபோது அதற்குப் பொருள் தூக்கமா சாவா என்று அறிய அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, அது நான். பந்தயக்காரன் தனியாக இருப்பேன் என்று உறுதி எடுக்கிறான். அவன் அம்மா எந்த உறுதியும் எடுக்கவில்லை. ஆனாலும் அவள் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, நிமிடத்துக்கு நிமிடம் பார், ஆனால் எதுவும் செய்யாதே என்கிறோம். பார்க்கும் கண்ணைத் திறந்துவிட்டவர்கள், அந்தக் கண் பயப்படும்போது யார் போவது என்றும் எழுதிவைக்க வேண்டும். குடும்பம் போனால் அது உதவி. நடத்துபவர் அனுப்பும் ஆள், எல்லா ஓட்டிகளுக்கும் ஒரே அளவுகோலில் போனால், அது காவல். பணமில்லாத சிறிய ஓட்டம் என்பது இதற்குச் சாக்கு ஆகாது. இரவுக்கு ஒருவர் விழித்திருந்து, ஓட்டி வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டினால் அழைத்துப் பார்த்து, பதில் இல்லாவிட்டால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ அந்த ஊரில் தெரிந்த ஒருவருக்கோ சொன்னால் போதும். இதற்குத் தேவை காசு இல்லை, ஆள்.

இரவுக் காவல்

இதை நடத்துபவர்களிடம் போய்ச் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், பிறகு அந்த ஆளாக நீங்களே இருங்கள் என்றார்கள். இந்த மார்கழியில் மூன்று இரவுகளும் பதினொன்றிலிருந்து ஐந்துவரை நானும் இன்னொருவரும் விழித்திருக்கப் போகிறோம். உத்தனப்பள்ளி, அரூர், செங்கம், கொள்ளேகால் பக்கங்களில் இரவில் எழுப்பினால் எழுந்து போய்ப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களின் எண்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் பால் வண்டி ஓட்டுபவர், எப்படியும் மூன்று மணிக்குச் சாலையில் இருப்பவர். ஓட்டிக்குச் சொந்தக்காரர் காவலில் இருந்தால் அவருடைய புள்ளியை மற்றவரே கவனிக்க வேண்டும் என்று நானே விதி எழுதினேன்.

தம்பி மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறான். போன வாரம் படிவத்தை நிரப்ப எங்கள் கூடத்தில் உட்கார்ந்தான். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் போன முறை என் பெயர் இருந்தது. இம்முறை கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகனின் பெயரை எழுதியிருந்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். "அவனால் காரெடுத்து வர முடியாது, அக்கா, அதனால்தான்" என்றான். எனக்கு வலித்தது. ஆனால் பேனாவைப் பிடுங்கவில்லை. கடைசிப் பகுதியில், எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் காவலில் இருப்பவர் ஆளனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு ஓட்டியும் தானே எழுத வேண்டும். அதுவும் இந்த ஆண்டு நாங்கள் சேர்த்ததுதான். நான்கு மணி நேரம் என்றான். மூன்று என்றேன். நான்கு மணி நேரம் தூங்குவது அவன் உரிமை என்றான். மூன்று மணி நேரத்தில் ஒருவன் இரத்தம் வற்றிச் செத்துவிடலாம் என்றேன். மூன்றரை என்று அவன் இறங்கி வந்தபோது, சமையலறையிலிருந்து அம்மா "இரண்டு" என்றாள்.